சுண்டெலியின் கருப்பைச் செல்களுக்கு யார் உத்தரவு போடுவது?

உடம்பில் பல இடங்களில் செல் பிரிவு என்பது நிற்காமல் நடக்கும் ஒரு வேலை. தோலின் மேல்பகுதி உதிர உதிர அடியிலிருந்து புதுச் செல்கள் மேலே வருகின்றன. குடலின் உட்பக்கமும் அப்படித்தான். கருப்பை இந்த ரகம் இல்லை. அங்கே செல்கள் சும்மா இருக்கும். ஒரு நாள் எல்லாம் சேர்ந்து பிரியத் தொடங்கும். அப்புறம் எல்லாம் சேர்ந்து நிறுத்திவிடும். ஆய்வகச் சுண்டெலியில் இந்தச் சுற்று நான்கைந்து நாளுக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வருகிறது. இதை நடத்துபவை சூலகத்திலிருந்து வரும் இரண்டு ஹார்மோன்கள்: ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன்.

பாடப்புத்தகம் இதை ஒரே வரியில் முடித்துவிடும். ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உள்வரியை வளர்க்கும், புரோஜெஸ்டிரோன் அதைக் கருவுக்குத் தயார் செய்யும். தவறில்லை. ஆனால் சுவாரசியமான இரண்டு விஷயங்கள் அந்த வரியில் விடுபட்டுப் போகின்றன. ஒன்று, அதே ஈஸ்ட்ரோஜன், தனக்கு முன்னால் என்ன ஹார்மோன் வந்து போயிருக்கிறது என்பதைப் பொறுத்து, வேறு வேறு செல்களைப் பிரிய வைக்கிறது. இரண்டு, பிரிகிற செல் ஈஸ்ட்ரோஜனின் பேச்சை நேராகக் கேட்டுப் பிரிவதில்லை. கீழே இருக்கும் வேறொரு வகைச் செல் கேட்டு, அதற்குச் சொல்கிறது. இந்த இரண்டாவது விஷயத்தைப் புரிந்துகொள்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். அதற்கு முன் கொஞ்சம் அடிப்படை வேண்டும்.

சுண்டெலியின் கருப்பை மனிதருடையதைப் போல ஒற்றைப் பை அல்ல. இரண்டு நீண்ட குழல்களாக இடமும் வலமும் பிரிந்து போகும். ஒவ்வொன்றையும் கொம்பு என்பார்கள். ஒரு கொம்பைக் குறுக்காகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், நடுவில் ஒரு குறுகிய இடைவெளி தெரியும். அதைச் சுற்றி ஒரே ஒரு வரிசையாக, நெருக்கமாக நிற்கும் செல்கள் எபிதீலியம். இதே வரிசை அங்கங்கே உள்வாங்கிச் சுரப்பிகளாகவும் ஆகியிருக்கும். அதற்குக் கீழே தளர்வாகப் பரவிக் கிடக்கும் இணைப்புத் திசு ஸ்ட்ரோமா. அதற்கும் வெளியே தசை. எபிதீலியமும் ஸ்ட்ரோமாவும் சேர்ந்ததுதான் உள்வரி, மருத்துவர்கள் சொல்லும் எண்டோமெட்ரியம். தசையை இங்கே விட்டுவிடலாம். இனி வரும் கதை முழுக்க இந்த இரண்டு வகைச் செல்களுக்கும் நடுவில்தான்.

சுண்டெலி இந்த ஆராய்ச்சிக்குள் வந்து நூறு ஆண்டு ஆகிவிட்டது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எட்கர் ஆலன் 1922-இல் சுண்டெலியின் இனப்பெருக்கச் சுழற்சியை விரிவாக எழுதினார். யோனியிலிருந்து ஒரு சொட்டுத் திரவத்தை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்த்தால், அதில் இருக்கும் செல்களின் வடிவத்தை வைத்தே எலி சுழற்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இன்றும் ஆய்வகங்களில் காலை வேலை அதுதான். அடுத்த ஆண்டே ஆலனும் வேதியியலாளர் எட்வர்ட் டாய்சியும் பன்றிச் சூலகத்தில் சினைமுட்டை வளரும் நுண்பைகளிலிருந்து திரவத்தை உறிஞ்சி எடுத்து, சூலகம் அகற்றப்பட்ட விலங்குகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். சூலகமே இல்லாத விலங்கில் இனச்சேர்க்கைக் காலத்தின் அறிகுறிகள் வந்தன. 1929-இல் டாய்சியும், ஜெர்மனியில் அடால்ஃப் புடெனன்ட்டும் தனித்தனியாக, ஈஸ்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அதே 1929-இல் ராச்செஸ்டரில் ஜார்ஜ் கார்னரும் வில்லார்ட் ஆலனும் முயல்களில் மஞ்சள் உடலத்தின் சாற்றைச் சோதித்துப் புரோஜெஸ்டிரோனுக்கு வழி திறந்தார்கள். (இந்த ஆலன் வேறு, அந்த ஆலன் வேறு.) மஞ்சள் உடலம் என்பது சினைமுட்டை வெளியேறிய பிறகு, அது இருந்த நுண்பை மாறி உருவாகும் சுரப்பி.

செல்கள் பிரிவதை எண்ணுவதுதான் அன்றைக்குப் பெரிய தொல்லை. ஒரு செல் இரண்டாகும் கடைசிக் கட்டம் சீக்கிரம் முடிந்துவிடும். ஆகவே எந்த நேரத்தில் திசுவை எடுத்துப் பார்த்தாலும் கையும் களவுமாகச் சிக்கும் செல்கள் கொஞ்சம்தான். 1937-இல் எட்கர் ஆலனும் கூட இருந்தவர்களும் இதற்கு ஒரு வழியைப் பயன்படுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜன் கொடுத்த சுண்டெலிகளுக்குக் கொல்கிசினும் கொடுத்தார்கள். குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்குழல்கள் உருவாவதைக் கொல்கிசின் தடுத்துவிடும். பிரியத் தொடங்கிய செல் முடிக்க முடியாமல் அங்கேயே நிற்கும். நேரம் போகப் போக அப்படி நிற்பவை சேர்ந்துகொண்டே வரும். எண்ணுகிறவர்களுக்கு வசதி. திண்டுக்கல், திருப்பூர், கரூர் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் கம்பி கட்டிப் பயிரிடுகிறார்களே, நம் செங்காந்தள், அதன் விதைக்கு விலை கிடைப்பதும் இந்தக் கொல்கிசினுக்காகத்தான்.

பிற்பாடு கதிரியக்கம் ஏற்றிய தைமிடின் வந்தது, டிஎன்ஏவின் கட்டுமானப் பொருள்களில் ஒன்று. டிஎன்ஏவை நகலெடுக்கும் செல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். எந்தெந்தச் செல் நகலெடுத்தது என்று பிலிமில் புள்ளிபுள்ளியாகத் தெரியும். இப்போது அதே வேலையைக் கதிரியக்கம் இல்லாத பொருள்களும் நிறமேற்றும் முறைகளும் செய்கின்றன.

முதலில் வெறும் கருப்பை

இயல்பான சுண்டெலியில் ஹார்மோன்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் எது எதைச் செய்தது என்று பிரிப்பது கடினம். அதனால் ஆய்வாளர்கள் முதலில் இரண்டு சூலகங்களையும் அறுவை செய்து எடுத்துவிடுகிறார்கள். பிறகு ஒன்றிரண்டு வாரம் விடுவார்கள். உடலில் மிச்சமிருந்த ஹார்மோன் தீர்ந்து, கருப்பை நூல் போலச் சுருங்கிவிடும். உள்ளே செல் பிரிவு ஏறக்குறைய இல்லை. இந்த நிலையில் எண்ணெயில் கரைத்த ஈஸ்ட்ராடியோலை ஊசியாகப் போடுவார்கள். ஈஸ்ட்ராடியோல் என்பது ஈஸ்ட்ரோஜன்களில் வீரியம் மிக்கது. அளவு பெரும்பாலும் 50 முதல் 100 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்கு போட்டால் வரும் ஒரு பங்குதான் நானோகிராம். இவ்வளவு சொற்ப அளவுக்குக் கருப்பை காட்டும் பதில் கொஞ்சநஞ்சமல்ல.

முதல் ஆறு மணி நேரத்துக்குள் ரத்தநாளங்களிலிருந்து நீர் கசிந்து கருப்பை ஊதிக்கொள்ளும். எடை கூடும், ஆனால் இது வளர்ச்சி இல்லை, வெறும் நீர். உண்மையான வேலை அதற்குப் பிறகு. எபிதீலியச் செல்கள் உயரமாகின்றன, புரதம் சேர்க்கின்றன. சுமார் 12 முதல் 15 மணி நேரத்தில் டிஎன்ஏ நகலெடுப்பு உச்சத்தில் இருக்கும். 24 மணி நேரத்தை ஒட்டி ஒரு பெரிய அலையாகச் செல்கள் இரண்டாகப் பிரியும். பெரும்பாலான எபிதீலியச் செல்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் புறப்படுகின்றன. உயிருள்ள வளர்ந்த விலங்கில் இப்படி ஒத்திசைந்து செல்கள் பிரிவதைப் பார்ப்பது அரிது. செல் பிரிவையே படிப்பவர்கள் இந்தத் திசுவைத் தேடி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். கீழே இருக்கும் ஸ்ட்ரோமாவோ இந்த அலையில் சேருவதே இல்லை.

ஈஸ்ட்ரோஜனைத் தினமும் கொடுத்துக்கொண்டே இருந்தால் உள்வரி தினமும் அதே வேகத்தில் வளரும் என்று நினைக்கத் தோன்றும். வளராது. முதல் அலைக்குப் பிறகு பிரிவு குறைந்துகொண்டே வரும். ஈஸ்ட்ரோஜனை அடியோடு நிறுத்தினால் கூடுதலாக வந்த செல்கள் தாங்களாகவே மடிந்து உதிரும்.

வரிசை மாறினால் ஆள் மாறும்

இப்போது புரோஜெஸ்டிரோன். 1960களிலும் 70களிலும் பிரிட்டனில் காலின் ஃபின், மார்ட்டின், தாஸ் ஆகியோர் சூலகம் எடுத்த சுண்டெலிகளுக்கு இரண்டு ஹார்மோன்களையும் விதவிதமான வரிசையில் கொடுத்து, எந்தச் செல் எப்போது பிரிகிறது என்று பொறுமையாக எண்ணினார்கள். 1973-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. சில நாள் புரோஜெஸ்டிரோன் கொடுத்துவிட்டுப் பிறகு ஈஸ்ட்ராடியோல் கொடுத்தால், எபிதீலியம் பிரிவதில்லை. அதுவரை சும்மா இருந்த ஸ்ட்ரோமா பிரியத் தொடங்குகிறது.

ஊசியில் இருப்பது அதே ஈஸ்ட்ராடியோல்தான். முன்னால் என்ன வந்தது என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது. ஆகவே "ஈஸ்ட்ரோஜன் எபிதீலியத்தைப் பிரிய வைக்கும் ஹார்மோன்" என்பதை அப்படியே சொல்ல முடியாது. புரோஜெஸ்டிரோன் இல்லாத கருப்பையில் அப்படி. புரோஜெஸ்டிரோன் பார்த்த கருப்பையில் வேறு.

இது சோதனைக்கூடத்தில் மட்டும் நடக்கும் விநோதம் இல்லை. ஒவ்வொரு சுண்டெலிக் கர்ப்பத்திலும் முதல் நான்கு நாளில் இதே நாடகம்தான். இனச்சேர்க்கைக்குப் பிறகு காலையில் யோனியில் கெட்டியான ஓர் அடைப்பு தெரியும். அந்த நாளை முதல் நாள் என்று கணக்கு வைப்பார்கள். முதல் இரண்டு நாளில், சினைமுட்டை வெளியேறுவதற்கு முன் உயர்ந்த ஈஸ்ட்ரோஜனின் விளைவாக எபிதீலியம் வேகமாகப் பிரிகிறது. மூன்றாம் நாள் புதிதாக உருவான மஞ்சள் உடலங்கள் புரோஜெஸ்டிரோனைக் கூட்டுகின்றன. ஸ்ட்ரோமா பிரிய ஆரம்பிக்கிறது. நான்காம் நாள் காலை எபிதீலியம் பிரிவதை நிறுத்தியிருக்கும். அன்றைக்குச் சூலகத்திலிருந்து சிறு அளவில் ஈஸ்ட்ரோஜன் மறுபடி வருகிறது. ஆனால் இம்முறை எபிதீலியம் பிரிவதில்லை. பதிலாகச் சுரப்பிகள் எல்ஐஎஃப் என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கின்றன. அந்த எல்ஐஎஃப் இல்லாத பெண் சுண்டெலியின் கருப்பையில் கரு ஒட்டாது என்று 1992-இல் காலின் ஸ்டூவர்ட் குழு காட்டியது. அன்று இரவு, கருக்கள் கருப்பைச் சுவரைத் தொட்டு ஒட்டுகின்றன. ஒட்டிய இடத்தைச் சுற்றி ஸ்ட்ரோமா செல்கள் இன்னும் பெருகி, பெரிதாகி, கருவைத் தாங்கும் திசுவாக மாறுகின்றன.

ஒரு சின்னத் தகவல்: இனச்சேர்க்கை நடக்காவிட்டால் சுண்டெலியின் மஞ்சள் உடலம் சீக்கிரமே செயலிழந்துவிடும், புரோஜெஸ்டிரோன் நீடிக்காது. சேர்க்கையின் தூண்டுதல் மூளை வழியாகப் போய், புரோலாக்டின் என்ற ஹார்மோன் சுரந்தால்தான் மஞ்சள் உடலம் நிலைக்கும். விந்துக்குழாய் வெட்டப்பட்ட ஆணோடு சேர்ந்தாலும் இது நடக்கும். ஆய்வகங்களில் இதற்கென்றே குடும்பக் கட்டுப்பாடு செய்த ஆண் சுண்டெலிகளை வைத்திருப்பார்கள். கரு இல்லாமலேயே கருப்பை கர்ப்பம் என்று நம்பித் தயாராகும். வேறொரு தாயின் கருக்களை அதில் வைத்து வளர்க்கலாம். மரபணு மாற்றிய சுண்டெலிகள் பிறப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

ஹார்மோனைக் கேட்டது யார்?

சரி, எபிதீலியத்துக்கு வருவோம். ஈஸ்ட்ரோஜன் எப்படி ஒரு செல்லைப் பிரிய வைக்கிறது?

1950களின் கடைசியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கதிரியக்க ஈஸ்ட்ராடியோலைத் தயாரித்து எலிகளுக்குக் கொடுத்தார். அது ரத்தத்தில் எல்லா இடத்துக்கும் போனது, ஆனால் கருப்பை போன்ற சில திசுக்களில் மட்டும் தங்கியது. அங்கே அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதம் ஒன்று இருந்தது: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. ஈஸ்ட்ரோஜன் கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறு, செல்லின் சவ்வைச் சுலபமாகக் கடந்து உள்ளே போய்விடும். உள்ளே ஏற்பி அதைப் பற்றிக்கொண்டு, டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து, மரபணுக்களை முடுக்கும். கருப்பையில் இந்த வேலையில் முக்கியமானது ஆல்ஃபா வகை ஏற்பி.

வளர்ந்த சுண்டெலியின் எபிதீலியச் செல்லில் இந்த ஏற்பி தாராளமாக இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் வருகிறது, செல்லின் ஏற்பி பிடிக்கிறது, மரபணு ஓடுகிறது, செல் பிரிகிறது. யாரைக் கேட்டாலும் இப்படித்தான் யூகித்திருப்பார்கள். யூகம் நேராக இருந்தது, சான்றுகள்தான் ஒத்துழைக்கவில்லை. எபிதீலியத்தை மட்டும் தனியே பிரித்து வளர்ப்புத் தட்டில் போட்டு ஈஸ்ட்ரோஜன் ஊற்றினால், உடலில் காட்டிய அந்தப் பதில் வருவதில்லை. இன்னொரு சான்று அதைவிட விசித்திரம். பிறந்து சில நாளே ஆன சுண்டெலிக் குட்டியின் கருப்பை எபிதீலியத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி கிடையாது, ஸ்ட்ரோமாவில் இருக்கிறது. ஆனாலும் குட்டிக்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் எபிதீலியம் பிரிகிறது! சான் பிரான்சிஸ்கோவில் ஜெரால்ட் குன்ஹா இந்தப் புதிரைப் பல ஆண்டு துரத்தினார். கேட்பது ஸ்ட்ரோமாதான் என்பது அவருடைய சந்தேகம். ஆனால் உறுதி செய்ய, ஏற்பியே இல்லாத சுண்டெலி வேண்டும்.

அது 1993-இல் கிடைத்தது. வட கரோலினாவில் டென்னிஸ் லூபான், ஆலிவர் ஸ்மிதீஸ், கென்னத் கோராக் ஆகியோர் ஆல்ஃபா ஏற்பியின் மரபணுவை முடக்கிய சுண்டெலியை உருவாக்கினார்கள். அது உயிரோடு பிறந்து வளர்ந்ததே அன்று பலருக்கு ஆச்சரியம். பெண்கள் மலடு; ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலும் கருப்பை அசையவில்லை.

இதை வைத்து ஆய்வாளர் பால் குக்கும் குன்ஹாவும் கூட்டாளிகளும் செய்து 1997-இல் வெளியிட்ட சோதனை, என் பார்வையில் இந்தத் துறையிலேயே மிக அழகானது. சாதாரண சுண்டெலிக் குட்டியின் கருப்பை, ஏற்பி இல்லாத வளர்ந்த சுண்டெலியின் கருப்பை இரண்டையும் எடுத்து, நொதியால் எபிதீலியத்தையும் ஸ்ட்ரோமாவையும் தனித்தனியாகக் கழற்றினார்கள். பிறகு மாற்றி மாற்றிச் சேர்த்தார்கள். மொத்தம் நான்கு சேர்க்கை: இரண்டும் சாதாரணம், இரண்டும் ஏற்பி இல்லாதவை, சாதாரண எபிதீலியத்தின் கீழே ஏற்பி இல்லாத ஸ்ட்ரோமா, ஏற்பி இல்லாத எபிதீலியத்தின் கீழே சாதாரண ஸ்ட்ரோமா. இந்தத் துணுக்குகளை, அயல் திசுவை எதிர்க்காத ரோமமற்ற சுண்டெலிகளின் சிறுநீரக உறைக்கு அடியில் வைத்தார்கள். அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் துணுக்கு பிடித்து வளரும். வளர்ந்த பிறகு ஈஸ்ட்ராடியோல் ஊசி.

ஏற்பி இல்லாத எபிதீலியம், கீழே சாதாரண ஸ்ட்ரோமா இருந்தபோது பிரிந்தது. ஏற்பி உள்ள எபிதீலியம், கீழே ஏற்பி இல்லாத ஸ்ட்ரோமா இருந்தபோது பிரியவில்லை.

கட்டட வேலையில் வீட்டுக்காரர் வந்து மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போவார். மேஸ்திரி சொன்னால்தான் கல் ஏறும். வீட்டுக்காரர் பேசுவது கொத்தனார் காதிலும் விழத்தான் செய்யும், ஆனால் அதைக் கேட்டு அவர் கரண்டியை எடுக்க மாட்டார். இங்கே மேஸ்திரி ஸ்ட்ரோமா.

எதிர்க்கேள்வியும் எழுந்தது. 1993-இன் சுண்டெலியில் ஏற்பி முழுக்க ஒழியவில்லை, குறைந்த வீரியமுள்ள ஒரு துண்டுப் புரதம் மிஞ்சியிருந்தது என்று பின்னால் தெரிந்தது. எனவே 2010-இல் கோராக்கின் குழு வேறு வழியில் போனது. கருப்பை எபிதீலியத்தில் மட்டும் ஆல்ஃபா ஏற்பியை நீக்கிய சுண்டெலியை உருவாக்கினார்கள்; ஒட்டுவேலை எதுவும் இல்லை, உயிருள்ள விலங்கின் உள்ளேயே. ஈஸ்ட்ரோஜன் கொடுத்தார்கள். எபிதீலியம் பிரிந்தது. ஆனால் பிரிந்த செல்கள் நிலைக்கவில்லை, நிறைய மடிந்தன. சில முக்கியமான சுரப்புப் புரதங்களும் உருவாகவில்லை. அந்தச் சுண்டெலிகளும் மலடுதான். அப்படியென்றால் எபிதீலியத்தின் சொந்த ஏற்பி வெட்டியாக இருக்கவில்லை. பிரிவதற்கு அது தேவையில்லை. பிரிந்த பிறகு உயிரோடு இருக்கவும் தன் வேலையைச் செய்யவும் அது தேவை.

என்ன செய்தி போகிறது?

ஸ்ட்ரோமா கேட்கிறது, சரி. எபிதீலியத்துக்கு எதைச் சொல்லி அனுப்புகிறது? முக்கியமான பதில் ஐஜிஎஃப்-1, இன்சுலினைப் போன்ற அமைப்புள்ள ஒரு வளர்ச்சிக் காரணி. ஈஸ்ட்ரோஜன் வந்ததும் ஸ்ட்ரோமா இதைச் சுரக்கிறது. எபிதீலியச் செல்லின் மேற்பரப்பில் இதற்கான ஏற்பி இருக்கிறது. அது தூண்டப்பட்டதும் உள்ளே தொடர் நிகழ்ச்சி ஒன்று ஓடி, கடைசியில் சைக்ளின் டி1 என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் போய்ச் சேர்கிறது. செல் பிரிவின் முதல் தடையைக் கடக்க இந்தப் புரதம் உட்கருவில் இருந்தே ஆக வேண்டும்.

நியூயார்க்கில் ஜெஃப்ரி பொல்லார்டின் ஆய்வகம் 1999-இல் கவனித்தது இதைத்தான். ஈஸ்ட்ரோஜன் சைக்ளின் டி1-இன் இருப்பிடத்தை மாற்றுகிறது. முன்கூட்டியே புரோஜெஸ்டிரோன் கொடுத்திருந்தால் அந்தப் புரதம் உட்கருவுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. கூடவே இன்னொரு தடையும் உண்டு என்று அதே ஆய்வகம் பிறகு காட்டியது. டிஎன்ஏ நகலெடுப்பு தொடங்கும் இடங்களில் எம்சிஎம் என்ற புரதக் கூட்டம் முன்னதாகவே ஏறி அமர்ந்திருக்க வேண்டும். புரோஜெஸ்டிரோன் அதையும் தடுக்கிறது. ஒரே செல்லை இரண்டு இடத்தில் நிறுத்துகிற அளவுக்கு உடல் இதை முக்கியமாக எடுத்துக்கொள்கிறது.

புரோஜெஸ்டிரோனின் உத்தரவும் ஸ்ட்ரோமா வழியாகத்தான் வருகிறதா? குன்ஹாவின் குழு 1998-இல் அதே கழற்றி ஒட்டும் சோதனையைப் புரோஜெஸ்டிரோன் ஏற்பி இல்லாத சுண்டெலியை வைத்துச் செய்தது. ஆமாம், ஸ்ட்ரோமாவில் ஏற்பி இருந்தால்தான் எபிதீலியம் நின்றது. ஸ்ட்ரோமா அனுப்பும் அந்த 'நிறுத்து' எது என்பதற்கு 2011-இல் விடை வந்தது, இலினாய்ஸில் இந்திராணி பாக்சி, மிலன் பாக்சி ஆகியோரின் குழுவிடமிருந்து. புரோஜெஸ்டிரோன் ஸ்ட்ரோமாவில் ஹேண்ட்2 என்ற மரபணுவை முடுக்குகிறது. அந்த மரபணு அதுவரை அறியப்பட்டது இதயமும் கைகால்களும் உருவாகும் வேலைக்காக. கருப்பையில் அது செய்வது, எபிதீலியத்தைப் பிரியத் தூண்டும் எஃப்ஜிஎஃப் வகை வளர்ச்சிக் காரணிகளை ஸ்ட்ரோமா தயாரிப்பதை அடக்குவது. தனியாக 'நிறுத்து' என்று ஒரு செய்தி போகவில்லை, 'பிரி' என்ற செய்தியை ஸ்ட்ரோமா நிறுத்திக்கொள்கிறது. கருப்பையில் ஹேண்ட்2 நீக்கப்பட்ட சுண்டெலியில், எபிதீலியம் நிறுத்த வேண்டிய நாளிலும் பிரிந்துகொண்டே இருந்தது. கரு வந்து காத்திருந்தும் ஒட்டவில்லை. பிரிந்துகொண்டிருக்கும் சுவரில் கரு ஒட்டாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

இதோடு கதை நேராக முடிந்திருந்தால் எழுதுகிறவனுக்கு வசதி. ஆனால் எபிதீலியத்தில் மட்டும் புரோஜெஸ்டிரோன் ஏற்பியை நீக்கிய சுண்டெலிகளும் பிற்பாடு வந்தன; அவற்றிலும் நிறுத்தம் ஒழுங்காக நடக்கவில்லை. காரணம், ஒரு சுற்றுவழி இருக்கிறது. புரோஜெஸ்டிரோனைக் கேட்ட எபிதீலியம் இந்தியன் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதத்தைக் கீழே அனுப்புகிறது. (பெயர் முள்ளெலியைக் குறிக்கும்; பழ ஈக்களில் முதலில் கண்ட மரபணுவுக்கு வைத்த பெயர் பிறகு குடும்பப் பெயராகிவிட்டது.) அது ஸ்ட்ரோமாவைத் தூண்டி, ஹேண்ட்2 வரை போகும் ஏற்பாட்டைத் தொடங்கிவைக்கிறது. அதற்குப் பிறகுதான் ஸ்ட்ரோமாவின் பதில் மேலே வருகிறது. ஈஸ்ட்ரோஜன் விஷயத்தில் பேச்சு பெரும்பாலும் கீழிருந்து மேலே; புரோஜெஸ்டிரோன் விஷயத்தில் மேலிருந்து கீழே போய்த் திரும்ப மேலே.

நம் கருப்பைக்கு இதில் என்ன?

சுண்டெலியை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது. அதற்கு மாதவிடாய் இல்லை. கருவோ வேறு தூண்டுதலோ இல்லாமல் அதன் ஸ்ட்ரோமா கருவைத் தாங்கும் திசுவாக மாறாது. பெண்களிடம் அந்த மாற்றம் ஒவ்வொரு சுழற்சியின் பிற்பாதியிலும் தானாகவே தொடங்குகிறது. சுழற்சியின் நீளமும் நான்கைந்து நாள் எங்கே, 28 நாள் எங்கே.

ஆனால் மைய விதி ஒன்றுதான்: ஈஸ்ட்ரோஜன் எபிதீலியத்தைப் பெருக்கும், புரோஜெஸ்டிரோன் நிறுத்தும். நிறுத்தும் ஹார்மோன் இல்லாமல் பெருக்கும் ஹார்மோன் மட்டும் நீண்ட நாள் இருந்தால் என்ன ஆகும் என்பதை மருத்துவம் பெரிய விலை கொடுத்துக் கற்றது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அமெரிக்காவில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளைத் தனியாகவே தாராளமாகக் கொடுத்து வந்தார்கள். அப்படி எடுத்தவர்களுக்குக் கருப்பை உள்வரிப் புற்றுநோய் அதிகம் வருகிறது என்று 1975-இல் ஒரே நேரத்தில் இரண்டு ஆய்வுகள் சொல்லின. அதற்குப் பிறகுதான் கருப்பை உள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமானது.

பிசிஓஎஸ் (சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கு மாதக்கணக்கில் மாதவிடாய் வராமல் இருந்தால் மருத்துவர்கள் சும்மா விடாததற்கும் இதுவே காரணம். சினைமுட்டை வெளியேறவில்லை என்றால் மஞ்சள் உடலம் இல்லை. மஞ்சள் உடலம் இல்லை என்றால் புரோஜெஸ்டிரோன் இல்லை. உள்வரி ஈஸ்ட்ரோஜனோடு மட்டும் விடப்படுகிறது. இடையிடையே சில நாளுக்கு எழுதித்தரும் மாத்திரை பெரும்பாலும் அந்த விடுபட்ட ஹார்மோனுக்கு ஈடு. ஹேண்ட்2-வும் மனிதரிடம் திரும்ப வருகிறது: கருப்பை உள்வரிப் புற்றுநோயில் அந்த மரபணு பெரும்பாலும் வேதிக் குறியீடுகளால் மூடப்பட்டுக் கிடப்பதாக 2013-இல் தெரியவந்தது.

மருந்துகள் விஷயத்தில் கருப்பை ஒரு தனி ராஜ்ஜியம். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டமாக்சிஃபென், மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும். கருப்பையில் ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடந்துகொள்ளும், சுண்டெலியிலும் பெண்களிலும். அதனால் அதை எடுக்கும் பெண்களுக்கு அசாதாரண ரத்தப்போக்கு இருந்தால் உடனே பார்க்கச் சொல்கிறார்கள். மாறாக, லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான சென்ட்குரோமன் கருப்பையில் ஈஸ்ட்ரோஜனை எதிர்க்கிறது. 1991-இல் 'சஹேலி' என்ற பெயரில் கருத்தடை மாத்திரையாக வந்தது அதுதான். இப்போது அரசு மருத்துவமனைகளில் 'சாயா' என்ற பெயரில் தருகிறார்கள். அது சினைமுட்டை வெளியேறுவதைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. கருவின் நேரமும் உள்வரியின் நேரமும் ஒத்துப்போகாமல் செய்துவிடுகிறது.

2017-இல் கருப்பை எபிதீலியத்தை மட்டும் தனியே எடுத்துச் சிறு உருண்டைகளாகத் தட்டில் வளர்க்கும் முறை, மனிதத் திசுவுக்கும் சுண்டெலித் திசுவுக்கும் சாத்தியமானது, ஆர்கனாய்டு என்பார்கள். ஸ்ட்ரோமா இல்லாமல் அவை மாதக்கணக்கில் பிரிந்துகொண்டே இருக்கின்றன. எப்படி என்றால், வளர்ப்புத் திரவத்தில் இஜிஎஃப், எஃப்ஜிஎஃப்10, ஆர்-ஸ்பாண்டின் என்று வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களின் ஒரு பட்டியலே ஊற்றப்படுகிறது. ஸ்ட்ரோமா போன்ற பக்கத்துத் திசுக்கள் உடலுக்குள் செய்யும் வேலையை இங்கே அந்தப் புட்டிகள் செய்கின்றன. ஈஸ்ட்ரோஜனை மட்டும் ஊற்றி இவற்றை வளர்க்க முடியாது.